இடது பக்கம் திரும்பி ‘வலது’ என்று சொன்னவளுக்கு

என் பொல்லாத நாத்தனாரே, தங்கமே, தமயந்தி,

எட்டு மாதமாக உன்னோடு பேசாமல் இருந்தேன். செத்துப்போனவளோடு என்ன கோபம் என்று உன் அண்ணன் கேட்கிறார். கோபம்தான். உன் விசில் இப்போது என் கழுத்தில் தொங்குகிறது. கோபப்பட அது ஒன்று போதாதா?

இதை யாருக்கும் தெரியாமல் எழுதி உன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றி நான் சிரித்ததெல்லாம் நாலு பேர் நடுவில்தான். அதனால் சொல்ல வேண்டியதையும் நாலு பேர் படிக்கும்படிதான் சொல்ல வேண்டும். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

முதலில் நீ போன விதத்துக்கு ஒரு திட்டு. மூன்று நாள் நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். “கேஸா இருக்கும் அண்ணி” என்று இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடித்தாய், கடைக்குப் போய்ச் சோடா குடித்தாய், அந்த நெஞ்சோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒன்றாம் வகுப்புக்கு ஸ்கிப்பிங்கும் ஆடிக் காட்டினாய். வாரா வாரம் பிள்ளைகளை நிற்க வைத்து, எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னவள் யார்? ‘ஒண்ணுமில்ல மிஸ்’ என்று சொன்னால் அந்தப் பிள்ளையை விடாமல் துருவியவள் யார்? உனக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லையா? நாற்பத்தொரு வயது சாகிற வயதா?

சரி, விடு. அதைப் பேச ஆரம்பித்தால் வேறு எதுவும் எழுத மாட்டேன்.

நீ போன மறுவாரமே எச்.எம். என்னைக் கூப்பிட்டார். புது பி.டி. டீச்சர் வரும்வரை உன் பீரியடை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். என் முழங்கால் மாடிப்படி ஏறவே மறுக்கும் முழங்கால் என்று உனக்குத் தெரியும். நானா டிரில் எடுப்பது? “அவங்க உங்க நாத்தனார்தானே, கூட இருந்து பாத்திருப்பீங்க” என்றார். டாக்டர் வீட்டில் வாக்கப்பட்டவளை ஊசி போடச் சொல்வாரா இந்த அம்மா? கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த வருத்தம் ஆறாமலே மாதங்கள் ஓடின, அப்புறம் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஆரோக்கியம், உடற்பயிற்சி, பாதுகாப்பு என்று ஒரு வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் செய்முறை வேண்டுமாம். செய்ததற்கு அறிக்கை வேண்டுமாம். ஒவ்வொரு நாளும் ஆசிரியர் கையெழுத்து வேண்டுமாம். நீ இதையெல்லாம் எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் வருஷம் முழுக்கச் செய்துகொண்டிருந்தாய். அப்போது ஒருவரும் ஒரு கையெழுத்தும் கேட்கவில்லை.

நகம் பார்க்கும் நாள் ஒரு கூத்து. ஒரே நகவெட்டி, அதுவும் மழுங்கியது. பாதிப் பெண்பிள்ளைகள் ஏதோ கல்யாணத்துக்கு மருதாணி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அழுக்கு என்று எச்.எம். முகம் சுளிக்க, நான் ஒவ்வொரு விரலாகத் தூக்கிக் காட்டி விளக்கினேன். பல் விளக்கும் நாளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று விழுந்த பல்லைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தது. என்ன செய்வது என்று தெரியாமல் பர்ஸில் வைத்தேன், இன்னும் அங்கேயே இருக்கிறது. கை கழுவும் நாளில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வரும் நாளாகப் பார்த்துச் சுற்றறிக்கை அனுப்பினால் இவர்களுக்கு என்ன குறைந்துபோகும்? வாளியில் மொண்டு மொண்டு ஊற்றி, ஆளுக்கு ஒரு உள்ளங்கை தண்ணீரில் சோப்பு போட்டோம். அறிக்கையில் ‘சிறப்பாக நடந்தது’ என்று எழுதினோம்.

டிரில் நாளில் நான் உன்னைப்போலவே கன்னடமும் தமிழும் கலந்து கத்தினேன். குதித்துக் குதித்துப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியதும், போதும் என்ற அர்த்தத்தில் “சாக்கு, சாக்கு” என்றேன். தருமபுரிப் பக்கமிருந்து இந்தக் கன்னட ஊருக்குப் புதிதாக வந்த பவானி என்ற ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விழுந்தடித்து ஓடி, மதியச் சாப்பாட்டு அறையிலிருந்து காலி அரிசிச் சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது. சாக்கு ஓட்டம் வைக்கப்போகிறேன் என்று நினைத்ததாம். கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு ‘போதும்’ என்று அர்த்தம் என்பது பாவம் அதற்கு எப்படித் தெரியும்? சிரித்தேன். அன்றைக்கு ஒரு நாள்தான் அந்த வாரத்தில் சிரித்தேன்.

கடைசி நாள் சாலைப் பாதுகாப்பு. இனி எழுதப்போவதுதான் விஷயம், கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

பள்ளிக்கூட முற்றத்தில் நீ சுண்ணாம்புத் தூளால் ஒரு ரோடு போடுவாய். வரிக்குதிரைக் கோடுகள் போடுவாய். பெரிய பிள்ளைகள் அட்டைப்பெட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு பஸ்ஸாகவும் ஆட்டோவாகவும் ஓடிவரும். சின்னப் பிள்ளைகள் ஓரத்தில் வரிசையாக நிற்கும். நீ அவர்களுக்கு எதிரே நின்று, “வலது பக்கம் பாரு” என்பாய். சொல்லிக்கொண்டே உன் தலையை உன் இடது பக்கம் திருப்புவாய். அப்புறம் “இடது பக்கம் பாரு” என்று சொல்லி வலது பக்கம் திரும்புவாய். பிறகு மறுபடியும் வலது என்று சொல்லி இடது.

ஆறு வருஷம் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாக அதைப் பார்த்து நான் சிரித்தேன். என் நாத்தனாருக்கு வலது இடது தெரியாது என்று எல்லா டீச்சர்களிடமும் சொன்னேன். வீட்டிலும் சொன்னேன். உன் அண்ணன் உனக்கு ‘ரைட்டு’ என்று பெயரே வைத்துவிட்டார். ஸ்கூட்டரில் உன்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, “ரைட்டு, எந்தப் பக்கம் திரும்பணும், சொல்லு பாப்போம்” என்று தெருவே கேட்கக் கேட்பார். நீயும் சிரிப்பாய். ஒரே ஒரு முறை, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, “என் வலது யாருக்கு வேணும் அண்ணி? புள்ளைங்க வலதுதான வேணும்” என்றாய். சமாளிக்கிறாள் பார் என்று நான் இன்னும் அதிகமாகச் சிரித்தேன். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும், தமயந்தி? வாயில்லாப் பூச்சியா நீ? கிரவுண்டில் நீ கத்தினால் மூன்று தெரு கேட்குமே.

உன் பீரியட் என் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, உன் தப்பைத் திருத்தியது. பிள்ளைகளுக்கு எதிரே நின்று, வலது என்று சொல்லி என் வலது பக்கமே திரும்பினேன். ஒரு மாதம் அப்படியே பழக்கினேன். எச்.எம்.மிடமும் போய்ச் சொன்னேன், பெருமையாக. தமயந்தி இத்தனை வருஷமும் மாற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், நான் சரிசெய்துவிட்டேன் என்று. அவர் ரெஜிஸ்டரில் குறித்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஏர்போர்ட் ரோடுக்கே அழைத்துப் போனோம். இப்போது அந்த ரோடு நீ பார்த்த ரோடு இல்லை. புதிது புதிதாக ஆபீஸ் வந்துவிட்டது. கம்பெனி வேன்கள் எமன் துரத்துகிற மாதிரி வருகின்றன. ஆனால் நம் பிள்ளைகளில் பாதி அதைத் தாண்டித்தான் தினமும் வருகிறது. ஒரு கான்ஸ்டபிள் கூட நின்றார். நான் ரோட்டுக்கு முதுகைக் காட்டிப் பிள்ளைகளுக்கு எதிரே நின்று, விசில் ஊதி, “வலது பக்கம் பாரு” என்றேன். என் வலது பக்கம் திரும்பினேன்.

அத்தனை தலையும் இடது பக்கம் திரும்பியது.

சின்னப் பிள்ளைகள் காதால் கேட்பதில்லையடி, கண்ணால் கேட்கிறார்கள். எதிரே நிற்கிறவள் எந்தப் பக்கம் சாய்கிறாளோ அந்தப் பக்கம் சாய்கிறார்கள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி. என் வலது அவர்களுக்கு இடது. நடுவில் டிவைடர் இருக்கிற ரோட்டில், இந்தப் பாதியில் இடது பக்கத்திலிருந்து என்ன வரும்? ஒன்றும் வராது. காலியாகத்தான் இருக்கும். ரோடு காலி என்று நம்பிப் பவானி காலை எடுத்து வைத்தாள். வேன் வலது பக்கத்திலிருந்து வந்தது.

அவள் பையைப் பிடித்து இழுத்தது நான் இல்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கான்ஸ்டபிளும் இல்லை. இரண்டாம் வகுப்பு நந்தினி இழுத்தாள், போன வருஷம் உன்னிடம் படித்தவள். பவானி மண்ணில் உட்கார்ந்தாள். ஒற்றைச் செருப்பு மட்டும் ரோட்டில் கிடந்தது. வேன் அதன்மேல் ஏறிப்போனது, நிற்கவில்லை.

கான்ஸ்டபிள் என்னைக் கன்னடத்தில் பிடிபிடியென்று பிடித்தார். “மக்களு அல்வா மேடம்” என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னார், பிள்ளைகள் இல்லையா என்று. நந்தினி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“மிஸ், நீங்க உங்க ரைட்டு பாத்தீங்க. பி.டி. மிஸ் எங்க ரைட்டு பாப்பாங்க.”

ஏழு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு வருஷம் ஜன்னலில் நின்று சிரித்தவளுக்குத் தெரியவில்லை. உனக்குக் கண்ணாடி மாதிரி நிற்கத் தெரிந்திருக்கிறது. வாய் ஒன்று சொல்ல, கழுத்து அதற்கு எதிராகத் திரும்ப வேண்டும். எவ்வளவு நாள் பழகியிருப்பாய் அதற்கு? வீட்டில் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நீ தனியாகத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றதை ஒருநாள் பார்த்து, பைத்தியமா உனக்கு என்று கேட்டேனே, அது இதற்குத்தானா?

இதோடு முடிந்திருந்தால் நான் உன் படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை.

அன்று சாயங்காலம் எச்.எம். அறிக்கை தயார் செய்தார். முன்பிருந்த உடற்பயிற்சி ஆசிரியை இடது வலது மாற்றிப் பயிற்றுவித்ததால் மாணவர்கள் குழம்பினார்கள், பொறுப்பு ஆசிரியை உடனிருந்ததால் விபத்து தவிர்க்கப்பட்டது, இனிச் சாலைப் பயிற்சி வகுப்பறைச் சுவரில் சார்ட் மாட்டி நடத்தப்படும். இதுதான் அறிக்கை. நான் வாயால் கொட்டியதுதான், அவராக எதையும் ஜோடிக்கவில்லை. கீழே என் பெயர். பேனாவை நீட்டினார்.

கையெழுத்துப் போட்டேன், தமயந்தி. பயந்துபோய்ப் போட்டேன். வேலை போய்விடும் என்று பயம். சுத்தமாகச் சொல்லிவிடுகிறேன், உன்மேல் பழியைப் போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன்.

திங்கட்கிழமை பவானியின் அம்மா வந்தாள். ஏதோ ஆபீஸில் தரை துடைக்கிறவள், யூனிஃபார்ம் சேலையோடு அப்படியே வந்திருந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் மேஜைமேல் வைத்தாள். “போன டீச்சரு தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்களாமே. நீங்க இருந்ததாலதான் புள்ள பொழச்சுதுன்னு பெரிய டீச்சர் சொன்னாங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பழத்தை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்தும் என்னால் தின்ன முடியவில்லை, உன் அண்ணன் ஏன் என்று கேட்டார், அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து வந்து எனக்கு எதிரே நின்றார். வலது கையைத் தூக்கிப் பார்த்தார். என் எந்தக் கை அதற்கு நேராக இருக்கிறது என்று பார்த்தார். “ஸ்கூட்டர்ல வெச்சு எவ்ளோ கேலி பண்ணிட்டேன்” என்றார்.

மறுநாள் எச்.எம். அறைக்குப் போய், அறிக்கை பொய், தப்பு என்னுடையது, தமயந்தி சொன்னதுதான் சரி என்றேன். அவரையும் எழுப்பி எனக்கு எதிரே நிற்க வைத்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் இன்னும் எரிச்சலானார். அறிக்கை போய்விட்டதாம்.

“செத்தவங்களுக்கு என்னம்மா மெமோ வரப்போகுது? உங்களுக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. சாக்கு, விட்டுடுங்க.”

அவர் கன்னடத்தில் போதும் என்றுதான் சொன்னார். எனக்கோ அது தமிழில்தான் கேட்டது. நொண்டிச்சாக்கு. அந்த அம்மா கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஆனால் செத்தவளுக்கு மெமோ வராது என்பதற்காக அவள் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டிவிடலாமா? நீ உயிரோடு இருந்தால் அந்த அறிக்கையைக் கிழித்து என் மூஞ்சியிலேயே எறிந்திருப்பாய். கிழிக்க ஆள் இல்லை என்று தெரிந்துதானே நாங்கள் எழுதினோம்?

நானே உட்கார்ந்து கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மாற்றிப் பயிற்றுவித்தது நான், முன்பிருந்த ஆசிரியையின் முறையே சரி என்று, பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு. மெமோ வந்தது. கவனக்குறைவாம். இன்கிரிமென்ட் ஒரு வருஷம் தள்ளிப்போகும் போலிருக்கிறது. போகட்டும்.

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அழுதுவிட்டேன், அசிங்கம்தான். சிலபேர் முணுமுணுத்தார்கள். ஓர் அப்பா எழுந்து இனிப் பிள்ளைகளை ரோட்டுக்குக் கூட்டிப்போகவே கூடாது என்றார். எச்.எம். உடனே சார்ட் தயாராக இருக்கிறது என்றார். வழவழ காகிதத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு. நம் பிள்ளைகள் தாண்டும் இடத்தில் விளக்கு எங்கே இருக்கிறது என்று கேட்க எனக்கு அன்று தகுதி இல்லை, வாயை மூடிக்கொண்டேன்.

பவானியின் அம்மாதான் எழுந்தாள். என்னை நேராகப் பார்க்கவில்லை. கோபமாகத்தான் இருந்தாள், இருக்க வேண்டியதுதானே. “சார்ட்டு பாத்தா ரோடு தாண்ட முடியும்? நான் ஆறு மணிக்கே வேலைக்குப் போயிடறேன். இவ தெனம் தனியாத்தான் வர்றா. அந்த டீச்சரு எப்படிச் சொல்லிக் குடுத்தாங்களோ அப்படியே சொல்லிக் குடுங்க. இவங்களே குடுக்கட்டும். இவங்க இனிமே மறக்க மாட்டாங்க.”

கூட்டத்தில் மற்ற அம்மாக்களும் ஆமாம் என்றார்கள். எச்.எம். அவர்களிடம் சம்மதம் எழுதி வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டார். முதலில் ஒரு மாதம் முற்றத்தில், அப்புறம் ரோட்டில், நாலு அம்மாக்கள் கூட நிற்க.

உன் சுண்ணாம்புத் தூள் டப்பா காலி, புதிது வாங்கியிருக்கிறேன். அட்டைப்பெட்டி பஸ் நசுங்கிப்போய்விட்டது, உன் அண்ணன் உட்கார்ந்து வேறு செய்கிறார், சக்கரத்துக்குக் கறுப்பு பெயின்ட் கூட அடிக்கிறார். நான் தினமும் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று பழகுகிறேன். வாய் வலது என்று சொல்லும்போது கழுத்து இடது பக்கம் போக மாட்டேன் என்கிறது. பத்துக்கு மூன்று தடவை தப்பாகிறது. இதையா நீ வேடிக்கை போலச் செய்தாய்?

புது பி.டி. டீச்சர் அடுத்த மாதம் வருகிறாளாம், சின்னப் பெண்ணாம், பட்டமெல்லாம் வாங்கியவளாம். வரட்டும். முதல் நாளே ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள், இந்தப் பொம்பளைக்கு வலது இடது தெரியவில்லை என்பாள். உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். நான் உன்னைப்போல் சிரித்து மழுப்ப மாட்டேன், ரசம் ஊற்றும்போது ஒரு வரி சொல்லி நிறுத்திக்கொள்ளவும் மாட்டேன். அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையில் பவானிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, இங்கிருந்து என்னைப் பாருடி என்பேன். நீ என்னை அப்படி இழுத்திருக்க வேண்டும், தமயந்தி. நான் வந்திருப்பேன்.

ஆறு வருஷம் அந்த வரிசையில் ஒருநாளும் வந்து நிற்காத
உன் அண்ணி,
மல்லிகா